பாட்காஸ்டுக்கு ரெக்கார்டரும் மைக்கும்: புதிதாகத் தொடங்குபவர் எதை, எந்த வரிசையில் வாங்கலாம்?

பாட்காஸ்ட் தொடங்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது "எந்த ரெக்கார்டர் நல்லது?" என்பதைத்தான். இணையத்தில் தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லோர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஏனென்றால், இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பெயர் தெரிந்த கம்பெனி ரெக்கார்டர் எதுவாக இருந்தாலும் மனிதக் குரலைப் பதிவு செய்ய அது போதும். பதிவு கெட்டுப்போவது வேறு இரண்டு இடங்களில்: பேசுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் உள்ள தூரம், அப்புறம் உட்கார்ந்து பேசும் அறை. இந்த இரண்டையும் சரிசெய்ய உதவும் பொருளுக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

இங்கே நான் மனதில் வைத்துப் பேசுவது, தனியாகவோ ஒரு நண்பரோடோ பொழுதுபோக்காகச் செய்பவர்களை. ஊர்ப் பெரியவர்களை வீட்டில் போய்ப் பேட்டி எடுப்பது, சந்தையில் வியாபாரிகளோடு பேசுவது, இருவர் உட்கார்ந்து கிரிக்கெட்டோ சினிமாவோ அலசுவது போன்ற நிகழ்ச்சிகள். தனி அறை ஒதுக்கி ஸ்டுடியோ அமைப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

1. எங்கே, எத்தனை பேர்?

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் பேசுவார்கள்? பதிவு வீட்டிலா, பிறர் வீட்டிலா, தெருவிலா? தொலைவில் இருப்பவரை இணையம் வழியாகவோ போனிலோ அழைத்துப் பேச வேண்டி வருமா?

எப்போதாவது நான்கு பேர் வரக்கூடும் என்று நினைத்து நான்கு மைக் மாட்டும் கருவியை வாங்குபவர்கள் அதிகம். அது அலமாரியில் தூங்கும். பத்தில் எட்டு நிகழ்ச்சி எப்படி நடக்குமோ அதற்கு வாங்குங்கள். மீதி இரண்டுக்குக் கருவியை வாடகைக்கு எடுக்கலாம்.

2. கடைக்குப் போகும் முன் போனில் ஓர் ஒத்திகை

கையில் இருக்கும் போனே முதல் ரெக்கார்டர். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, பதிவு செய்ய நினைத்திருக்கும் அதே அறையில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசுங்கள். முதலில் போனை மேசையில் ஒரு கை நீளத்தில் வைத்து, பிறகு வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து. ஃபேன் ஓடும்போது ஒரு முறை, நிறுத்திவிட்டு ஒரு முறை. பிறகு ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

வித்தியாசம் பெரிதாகத் தெரியும். காரணம் எளிது. ஒலி வரும் இடத்திலிருந்து தூரம் இரு மடங்கானால் நேராக வரும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஆனால் சுவரில் மோதித் திரும்பும் ஒலி அறை முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் நிறைந்திருக்கும். அதனால் மைக் விலக விலகக் குரல் தேய்ந்து, அறையின் ஒலி முன்னால் வருகிறது. "பாத்ரூமில் பேசுவதுபோல் இருக்கிறது" என்று கேட்பவர்கள் சொல்வது இதைத்தான்.

நம் வீடுகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கஷ்டம்தான். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெற்றுச் சுவர், திரை இல்லாத ஜன்னல். அறையின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசைக்குப் பின்னால் "ணங்" என்று ஒரு வால் நீண்டால் அந்த அறை ஆகாது. துணி நிறைந்த பீரோ, கட்டிலும் மெத்தையும் உள்ள படுக்கையறையே பெரும்பாலும் வீட்டின் நல்ல ஸ்டுடியோ. இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பேசுபவருக்கு எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்தால் இன்னும் நல்லது. முட்டை அட்டையை ஒட்டுவது பரவலாக இருக்கிறது, அதில் பலன் மிகக் குறைவு.

ஃபேன் தனிப் பிரச்சினை. ஏசியின் சீரான இரைச்சலை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே ஓரளவு குறைத்துவிடும். ஃபேன் அப்படி இல்லை. அதன் காற்று மைக்கில் நேராக அடிக்கும், தலைக்கு மேல் சுழலும் றெக்கை குரலையே நறுக்கி நறுக்கித் தள்ளும். அதைப் பிறகு எடுக்க முடியாது. நிறுத்திவிட்டு இருபது நிமிடம் பேசுங்கள், போட்டுவிட்டு ஐந்து நிமிடம் இளைப்பாறுங்கள். அப்படியே குக்கர், மிக்சி, காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி எல்லாம் எந்த நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று நம்பி மார்கழியில் பதிவு வைத்துக்கொள்ள வேண்டாம், பக்கத்தில் கோயில் இருந்தால்.

இந்த ஒத்திகையை முடித்ததும் சிலருக்கு எதுவுமே வாங்கத் தோன்றாது. அதுவும் சரிதான். ஐபோன் வைத்திருப்பவர்கள் வாய்ஸ் மெமோஸ் செயலியின் அமைப்பில் ஒலித்தரத்தை லாஸ்லெஸ் (தரம் குறையாத வகை) என்று மாற்றிவிட்டு முதல் சில நிகழ்ச்சிகளை அதிலேயே முடிக்கலாம்.

3. முதலில் மைக்

ரெக்கார்டரைப் பிறகு பார்ப்போம், தூரத்தைக் குறைப்பது மைக்தான். நம் தேவைக்கு மைக்கை மூன்றாகப் பிரித்தால் போதும்: ரெக்கார்டரின் தலையிலேயே இருப்பது, கையில் பிடிப்பது, உடையில் குத்துவது.

ரெக்கார்டரின் தலையில் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஜோடி மைக்குகள் சுற்றுப்புற ஒலிக்கு ஏற்றவை. சந்தை இரைச்சல், மழை, திருவிழா மேளம் எல்லாவற்றையும் அழகாகப் பிடிக்கும். அதே கருவியை இருவருக்கு நடுவே மேசையில் வைத்துப் பேட்டி எடுத்தால் இருவருமே தூரம். போதாததற்கு மேசையைத் தட்டுவது, டம்ளரை வைப்பது எல்லாம் இடிபோல் விழும். தனியாகப் பேசுபவர் ஒரு சாண் தூரத்தில் பஞ்சு உறை மாட்டிப் பிடித்துக்கொண்டால் இந்த மைக்கே போதும்.

கையில் பிடிக்கும் டைனமிக் மைக் (உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட உறுதியான வகை) எங்கும் உதவும். ஷ்யூர் எஸ்எம்58-ஐ மேடைகளில் பார்த்திருப்பீர்கள். 1966 முதல் விற்பனையில் இருக்கிறது, கீழே விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும். விலை அதிகமாகத் தெரிந்தால் பெரிங்கர் எக்ஸ்எம்8500 இருக்கிறது, விலையில் பாதிக்கும் கீழே, பேச்சுக்குக் குறையே தெரியாது. இவ்வகை மைக்குக்கு உணர்திறன் குறைவு என்பார்கள். அதனால் வாய்க்கு நான்கு விரல்கடை தூரத்தில் வைத்தே ஆக வேண்டும், அப்படி வைத்ததால் அறையின் ஒலி அடங்கிவிடும். வாய்க்கு நேராகப் பிடிக்காமல் கன்னத்தின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்தால் "ப" வரும் இடங்களில் காற்று வெடிக்காது.

தெருப் பேட்டிக்கு எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ50 போன்ற மைக்கைத் தொலைக்காட்சி நிருபர்கள் கையில் பார்க்கலாம். எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும் வகை அது. கைபிடிக்கும் ஓசை உள்ளே வராது, மைக் கொஞ்சம் திரும்பினாலும் குரல் மாறாது. எந்த மைக்காக இருந்தாலும் சரி, பேட்டி கொடுப்பவர் கையில் அதைக் கொடுத்துவிடாதீர்கள். பேச்சு சூடுபிடித்ததும் கை ஆட்டுவார், மைக்கும் கூடவே ஆடும்.

ஷ்யூர் எஸ்எம்7பி-யைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அருமையான மைக். ஆனால் அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின், அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவு, வேண்டும். சிறிய ரெக்கார்டரில் அவ்வளவு தூரம் ஏற்றினால் "ஸ்ஸ்" என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். மேசையும் நல்ல ஆடியோ இன்டர்ஃபேசும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) உள்ளவர்களுக்கான பொருள் அது, தோள்பையில் எடுத்துப் போவதற்கில்லை.

வீட்டில் கணினியோடும் வெளியில் ரெக்கார்டரோடும் ஒரே மைக்கைப் பயன்படுத்த வேண்டும் என்றால் சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டில் ஒன்று. இரண்டிலும் கணினிக்கான யுஎஸ்பி வழியும், ரெக்கார்டருக்கான எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் கொண்ட பெரிய மைக் இணைப்பு) வழியும் உண்டு. இணையத்தில் விருந்தினரை அழைத்துப் பேசுபவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, உடையில் குத்தும் காலர் மைக். வயதானவர்களைப் பேட்டி எடுக்க எனக்குப் பிடித்தது இதுதான். முகத்துக்கு நேரே மைக் நீட்டினால் பல பாட்டிமார் "அன்பார்ந்த பெரியோர்களே" என்கிற குரலுக்குப் போய்விடுவார்கள். சட்டையில் குத்திய மைக்கை ஐந்தே நிமிடத்தில் மறந்துவிட்டு வழக்கம்போலப் பேசுவார்கள். போயா பிஒய்-எம்1 இந்த வகையில் மலிவானது, 6 மீட்டர் வயர் வரும். அதில் உள்ள சிறு பெட்டியில் போன், கேமரா என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ரெக்கார்டரில் மாட்டும்போது கேமரா பக்கம் தள்ள வேண்டும், அதற்கு எல்ஆர்44 பட்டன் பேட்டரி தேவை. உதிரியாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துவது பொது விதி. கஞ்சி போட்ட சட்டையும் பட்டுச் சேலையும் மைக்கில் உரசினால் கரகரவென்று கேட்கும். சங்கிலி, தாலி, அட்டிகை தட்டும். முந்தானை மேலே விழாத பக்கமாக மைக்கை மாற்றுங்கள், வயரில் ஒரு சிறு வளையம் விட்டுத் துணியோடு சேர்த்துக் கிளிப் போடுங்கள். இழுபட்டாலும் ஓசை மைக்குக்கு ஏறாது. நகையைக் கழற்றச் சொல்வது சில வீடுகளில் நன்றாக இருக்காது. மைக்கை இடம் மாற்றுவதே மரியாதை.

வயர்லெஸ் வேண்டும் என்பவர்களுக்கு ரோட் வயர்லெஸ் கோ 2, டிஜேஐ மைக் போன்றவை இருக்கின்றன. இரண்டு பேருக்கு இரண்டு டிரான்ஸ்மிட்டர் (உடையில் மாட்டி ஒலியை அனுப்பும் சிறு கருவி) வரும். வாங்குவதானால், டிரான்ஸ்மிட்டருக்கு உள்ளேயே பதிவாகும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டிலும் அது உண்டு. அலைவரிசை நடுவில் தடுக்கினாலும் உள்ளே ஒரு நல்ல பிரதி இருக்கும். விலை குறைந்த வயர்லெஸ் மைக்குகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. அவற்றைவிட வயர் உள்ள காலர் மைக்கே மேல்.

4. ரெக்கார்டர்

மைக்கை முடிவுசெய்துவிட்டால் ரெக்கார்டர் தானாகவே சுருங்கிவரும். எத்தனை மைக், எந்த வகைத் துளை என்பதே கேள்வி.

காலர் மைக் அல்லது உள்மைக் மட்டும் போதும் என்றால் ஜூம் எச்1 எசென்ஷியல், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் வகைச் சின்னக் கருவி. சட்டைப்பையில் போகும். எச்1 இரண்டு ஏஏஏ பேட்டரியிலும் டிஆர்-05எக்ஸ் இரண்டு ஏஏ பேட்டரியிலும் ஓடும். 3.5 மில்லிமீட்டர் துளை உண்டு, கணினியில் யுஎஸ்பி மைக்காகவும் மாட்டலாம். எக்ஸ்எல்ஆர் மைக் மட்டும் இதில் சேராது.

எக்ஸ்எல்ஆர் மைக் இரண்டு என்றால் ஜூம் எச்4 எசென்ஷியல், டாஸ்காம் டிஆர்-40எக்ஸ். பேட்டி வகைப் பாட்காஸ்டுக்கு நான் பரிந்துரைப்பது இந்த அளவைத்தான். இருவர் குரலும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். ஒருவர் இருமினால் அவர் தடத்தை மட்டும் அந்த இடத்தில் அமர்த்திவிடலாம். இரண்டு மைக்குக்கும் இடையே உள்ள தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கும்படி உட்காருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் குரல் இன்னொருவர் மைக்கில் தாமதமாக நுழைந்து குழாயில் பேசுவதுபோல் ஆகிவிடும்.

மூன்று, நான்கு பேர் என்றால் ஜூம் பாட்டிராக் பி4. பாட்காஸ்டுக்கென்றே செய்தது. நான்கு மைக், நான்கு ஹெட்போன், ஒவ்வொன்றுக்கும் தனி ஒலியளவு. போனை வயரில் மாட்டினால் மறுமுனையில் பேசுபவர் தனித் தடத்தில் பதிவாவார், அவர் குரல் அவருக்கே திரும்பிப் போகாது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் மட்டுமே பதிவு செய்யும் (இந்த எண்களைப் பற்றி அடுத்த பகுதியில்). பேச்சுக்கு அது தாராளம். தனியாகப் பேசுபவருக்கு இது வேண்டாத சுமை.

போனிலேயே மைக்கை மாட்டிக்கொண்டால் ஆகாதா? ஆகும். அழைப்பு வரும், இடம் நிறையும், சில போன்கள் ஒலியைத் தாங்களாகவே ஏற்றி இறக்கும். திரும்ப எடுக்க முடியாத பேட்டிக்கு அதை நம்ப மாட்டேன். இன்னொன்று, போன் மைக் ஜாக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், ரெக்கார்டருக்கான ஜாக்கில் இரண்டு. மாற்றி மாட்டினால் ஒன்றும் பதிவாகாமல் போகலாம். சரியான அடாப்டர் பையில் இருக்கட்டும்.

5. அட்டைப்பெட்டியில் உள்ள எண்கள்

ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பது கிலோஹெர்ட்ஸ், ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறது என்பது பிட். 96, 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பு. அவ்வளவுதான். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபியைக் கொஞ்சம் தாண்டும், 32 ஜிபி கார்டில் ஏறக்குறைய 30 மணி நேரம் பேசலாம். எம்பி3 கடைசியில் வெளியிடும்போது செய்துகொள்ள வேண்டியது, பதிவிலேயே வேண்டாம்.

32 பிட் ஃப்ளோட் என்பது பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும், புதிதாக வரும் கருவிகளில் அதைத்தான் பெரிதாக எழுதுகிறார்கள். சாதாரண 24 பிட் பதிவில் லெவல் (பதிவாகும் ஒலியின் அளவு) எல்லையைத் தாண்டினால் குரல் உடைந்துவிடும், திரும்ப ஒட்ட முடியாது. அதனால் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி முன்கூட்டியே கெயின் வைக்கிறோம். 32 பிட் ஃப்ளோட்டில் மிகச் சத்தமும் மிக மெல்லியதும் ஒரே கோப்பில் அடங்கும், பிறகு கணினியில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். மேலே சொன்ன எச்1, எச்4 எசென்ஷியல் இரண்டும் இப்படித்தான், கெயின் திருகே கிடையாது. தனியாகப் போய்க் கேள்வியும் கேட்டு, லெவலும் பார்க்க வேண்டியவருக்கு இது உண்மையிலேயே உதவி. ஆனால் மைக்குக்கு உள்ளேயோ வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரிலோ உடைந்த குரலை இது காப்பாற்றாது. அறையின் எதிரொலியையும் தொடாது. கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். டிஆர்-40எக்ஸ் வேறு வழியில் போகிறது: குறைந்த லெவலில் இன்னொரு பிரதியைக் கூடவே எழுதி வைக்கும். அதுவும் நல்ல காப்பீடு.

6. கூட வாங்க வேண்டியவை

காதை மூடும், வயர் உள்ள ஹெட்போன். இதற்குப் பணம் ஒதுக்காமல் ரெக்கார்டர் வாங்க வேண்டாம். பதிவின்போது போட்டுக்கொண்டால்தான் நகை தட்டுவதும் வயர் கரகரப்பதும் அப்போதே தெரியும். புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வரும், உங்கள் குரலே உங்களைக் குழப்பும். சோனி எம்டிஆர்-7506 ஒலிப்பதிவாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்துவது. ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ் அதைவிட மலிவு, தொடக்கத்துக்குப் போதும்.

பேட்டரிக்கு எனலூப் போன்ற சார்ஜ் செய்யும் வகை. மெனுவில் பேட்டரி வகையை மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் மீதமுள்ள அளவைக் கருவி தவறாகக் காட்டும். சார்ஜரில் மாட்டிக்கொண்டே பதிவு செய்தால் சில சமயம் 50 ஹெர்ட்ஸ் மின்சார "உம்ம்" உள்ளே வரும், பேட்டரியிலோ பவர் பேங்கிலோ ஓட்டினால் அந்தத் தொல்லை இல்லை. கரண்ட் போனாலும் பேட்டி நிற்காது.

வெளியில் பதிவு என்றால் கருவியோடு வரும் பஞ்சு உறை காற்றுக்குப் போதாது. மயிர் அடர்ந்த உறை வேண்டும். கடற்கரையில் அது இல்லாமல் எந்த மைக்கும் உதவாது.

மேசை ஸ்டாண்டு, எக்ஸ்எல்ஆர் வயர், அடாப்டர்கள் எல்லாம் சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும். வயர் 3 மீட்டர் போதும்.

7. வாங்குவதும் சோதிப்பதும்

வாங்கும் முன் கையில் பிடித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஊர் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஒரு நாள் வாடகைக்கு டைனமிக் மைக் கேளுங்கள். கல்யாண சீசன் இல்லாத நாளில் பெரிய தொகை கேட்க மாட்டார், எக்ஸ்எல்ஆர் வயரைச் சுற்றி வைக்கும் முறையையும் சொல்லிக்கொடுப்பார்.

எஸ்எம்58-இன் போலிகள் உலகமெங்கும் சுற்றுகின்றன. நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் நம்ப வேண்டாம். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். பிறர் பயன்படுத்திய பழைய ரெக்கார்டரை வாங்குவதானால் துளைகளில் வயரை மாட்டி ஆட்டிப் பாருங்கள், கரகரத்தால் விட்டுவிடுங்கள். பேட்டரி அறையில் பச்சைக் கறை இருந்தாலும் அப்படியே.

தொகை குறைவு என்றால் இருக்கும் போன், வயர் காலர் மைக், ஹெட்போன் என்று தொடங்கலாம். கொஞ்சம் கூடினால் சின்ன ரெக்கார்டரைச் சேர்க்கலாம், காலர் மைக் அதோடும் ஒத்துப்போகும். இரண்டு பேர் நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்துவோம் என்று உறுதியானபின் எச்4 அளவுக் கருவியும் இரண்டு எக்ஸ்எம்8500-உம். இந்த வரிசையில் ஏறினால் முன்பு வாங்கியது எதுவும் வீணாகாது. காலர் மைக் வெளிப்பேட்டிக்கும், சின்ன ரெக்கார்டர் சுற்றுப்புற ஒலிக்கும் பயன்பட்டுக்கொண்டே இருக்கும்.

பொருள் வந்ததும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூன்று சோதனைகள். ஒன்று, இரவில் எல்லாம் அடங்கியபின் பேசும் லெவலில் வைத்து ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் பதிவு செய்யுங்கள். "ஸ்ஸ்" எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். இரண்டு, புது பேட்டரி போட்டு, அது தீரும்வரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். எத்தனை மணி நேரம் என்று குறித்து, பேட்டரி தீர்ந்தபோது கோப்பு பத்திரமாக மூடப்பட்டதா, திறக்கிறதா என்று பாருங்கள். மூன்று, மெமரி கார்டு. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டுகள் ஏராளம். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். தேறிய கார்டை ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்து போடுங்கள். பேட்டிக்குப் பிறகு கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்து, இரண்டையும் திறந்து கேட்கும்வரை அந்தக் கார்டை அழிக்காதீர்கள்.